நான்காம் மாடியிலிருந்து வரப்புக்கு

1

என் மனைவி தையல்நாயகி நான்காம் மாடியிலிருந்து கீழே இறங்கி நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது. இதெல்லாம் ஒரு ஆண்டு விழாவா என்று தஞ்சாவூர்ப் பக்கம் படிக்கிறவர்கள் கேட்கலாம். கல்யாண நாளையே நாங்கள் கொண்டாடுவதில்லை. ஆனால் இந்த நாளை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான் வாசலைத் தாண்டினாள். தாண்டவே மாட்டாளோ என்று நான் பயந்துபோயிருந்தேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரன். அண்ணன் இங்கிலாந்தில் வைத்திருந்த மளிகை மொத்தக் கடைக்குச் சரக்குக் கணக்குப் பார்க்க வந்து முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. அரிசி மூட்டை, பருப்பு டின், ஊறுகாய் பாட்டில் என்று எண்ணியே காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணுகிறேன். எழுபத்திரண்டு. அதில் திறப்பது பதினொன்றுதான். இந்த நாட்டில் காற்றுக்குப் பயப்படுகிற ஜனங்கள் அதிகம்.

முன்பு நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. பன்னிரண்டடிக்கு ஒன்பதடி. நம்மூரில் அந்த அளவை நாற்றங்கால் என்றுகூட யாரும் மதிக்க மாட்டார்கள். தையல் அதில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், ஒரு பூசணிக்கொடி, அந்தக் கொடி வேலி தாண்டியதால் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சண்டை, எல்லாவற்றையும் வளர்த்தாள். போன வருடம் ஜனவரியில் அவளுக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்தது. லண்டனில் இருக்கும் எங்கள் மகன் குமரன், இனி மாடிப்படி கூடாது என்று சொல்லி அந்த வீட்டை விற்க வைத்து, லிஃப்ட் உள்ள இந்தக் கட்டடத்தில் எங்களைக் குடியேற்றினான். பால்கனிக்கு நேர் கீழே பூங்கா. 'பசுமைக் காட்சி உண்டு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை. காட்சி இருந்தது. தையல் ஒரு நாற்காலியைப் பால்கனியில் போட்டு உட்கார்ந்தவள்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

2

செப்டம்பரில் மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். தையலின் காலை மடக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் மடங்கவில்லை. மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன். "இவர் தினமும் பசுமையான இடத்தில் நடக்க வேண்டும். மரம், புல், தண்ணீர், பறவை. மனசுக்கும் நல்லது, காலுக்கும் நல்லது. குளிர்காலத்துக்குள் நடக்கத் தொடங்காவிட்டால் இந்த முழங்கால் இப்படியே இறுகிவிடும். பிறகு சக்கர நாற்காலிதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பச்சையப் பாக்கறதுக்கு டாக்டர் சீட்டா?" என்றாள் தையல். "நம்ம ஊர்ல கண்ண மூடுனாத்தான் பச்சை தெரியாது. அங்கேருந்து இம்புட்டு தூரம் வந்து, இவங்க சொல்லி நான் புல்லப் பாக்கணுமாக்கும்."

"பாக்கறதுக்கு இல்ல. நடக்கறதுக்கு."

"எங்க நடக்கறது?"

"பார்க்குலதான்."

"பார்க்குல என்ன வேலை எனக்கு?"

இந்தக் கேள்விக்கு ஏழு வாரம் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் சங்கடம். டெல்டாவில் பிறந்த பெண்பிள்ளை வயல் பக்கம் போனால் கையில் ஏதாவது இருக்கும். நாற்றுக்கட்டு, அரிவாள், சோற்றுத் தூக்கு, குறைந்தபட்சம் ஒரு குடம். வெறுங்கையோடு போய் வரப்பில் உட்கார்ந்து பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

"பட்டப்பகல்ல பெஞ்சில ஒக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? வீட்ல கஞ்சி ஊத்தலேன்னு நெனப்பாங்க" என்று முடித்துவிட்டாள்.

நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்பது பெஞ்சு இருக்கிறது. எல்லாவற்றிலும் இறந்துபோனவர்களின் பெயர்ப்பலகை. நாய்கள் ஏராளம். ஒவ்வொரு நாய்க்கும் மழைக்கோட்டு. என்னிடம் அவ்வளவு நல்ல கோட்டு கிடையாது.

3

ஒரு சந்தேகம் வந்தது. பச்சை உடம்புக்கு நல்லது என்றால், நம்மூரில் எல்லோரும் நூறு வயது வாழ வேண்டுமே. என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்தவர். பயிர் எவ்வளவுக்கெவ்வளவு பசேல் என்று நிற்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அவருக்குத் தூக்கம் வராது. புகையான் பூச்சி விழுமோ, ஆற்றில் முறைத் தண்ணீர் வருமோ, கதிர் வரும் நேரத்தில் மழை கொட்டுமோ என்று புரண்டுகொண்டே இருப்பார். அறுத்து, வெறும் கட்டாந்தரையைப் பார்த்த பிறகுதான் மனுஷர் சிரிப்பார்.

தையலின் தம்பி கலியமூர்த்தி இன்னமும் ஊரில் விவசாயம் பார்க்கிறான். அவனுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"பச்சையப் பாத்தா வியாதி வராதா? அப்படீன்னா எனக்கு எப்படித்தான் சுகர் வந்துச்சு அத்தான்? சுத்தி மூணு பக்கமும் வயலு. நாலாவது பக்கம் ஆறு."

"நீ வயல்ல எறங்குறியா?"

"எறங்கறதா? அதுக்கு எங்க நேரம்? நடவுக்கு மெஷின் வந்துடுது. மருந்தடிக்க ஆளு இருக்கு. அறுப்புக்கும் மெஷினு. நான் காலையில வண்டில போயி, ரோட்டுல நின்னு ஒரு பார்வை பாத்துட்டு, டீக்கடைக்கு வந்துடுவேன்."

"வண்டியவிட்டு எறங்க மாட்டியா?"

"எறங்குனா அப்பறம் அத ஸ்டாண்டு போடணுமே அத்தான்."

அவனும் பால்கனியில்தான் இருக்கிறான் என்று தோன்றியது. அவனுடைய பால்கனிக்குச் சக்கரம் இருக்கிறது, அவ்வளவுதான். தஞ்சாவூர் டவுனில் என்னோடு படித்த ஒருவர் சுகருக்காகப் புது ஆறு என்கிற கால்வாயின் கரையில் நடக்கிறாராம். காதில் பாட்டு, கண் செல்போனில். ஆற்றில் தண்ணீர் வந்த செய்தியே அவருக்கு வாட்ஸப்பில்தான் தெரிந்ததாம்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் தையல் கேட்பாளா? "ஒங்களுக்கு எதையாவது எண்ணணும், எதையாவது ஆராயணும். போயி ரசத்த எறக்கி வைங்க" என்பாள்.

குமரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். பத்து நிமிடம், இங்கிலீஷில். சின்ன வயதில் எங்களோடு தமிழில் சண்டை போட்ட பையன். இப்போது சண்டையே போடுவதில்லை, அதனால் தமிழும் தேவைப்படுவதில்லை. அம்மா நடக்கிறாளா என்று கேட்பான். இல்லை என்பேன். ஒருமுறை உட்கார்ந்தபடியே மிதிக்கிற மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். தையல் அதில் ஜாக்கெட்டுகளைக் காயப் போட்டாள். நல்ல மிஷின். ஒரே நேரத்தில் ஆறு ஜாக்கெட் காயும்.

4

அக்டோபர் கடைசி. நமக்கு ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் வானம் வெளுத்ததும் நான் பூங்காவுக்கு இறங்கினேன். தென்கிழக்கு மூலையில் ஒரு தாழ்வான இடம். அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்கரை. உள்ளே தண்ணீர் கட்டி நிற்கிறது. நீளநீளமான புல் நுனி மட்டும் வெளியே தெரிகிறது.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஐப்பசி மழையில் இளம்பயிர் மூழ்கி நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் புல்லைப் பார்த்ததும் என் கை அரிக்க ஆரம்பித்தது. முப்பத்தொரு வருடமாக ஊறுகாய் பாட்டில் எண்ணிய கை. மேலே போனேன். பால்கனி வாளிக்குள் தையலின் பழைய தோட்டத்துக் கைக்கொத்து கிடந்தது. அவள் குளியலறையில் இருந்தாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கரையில் தாழ்ந்த இடமாகப் பார்த்து வெட்டினேன். ஒரு சாண் அகலம் வெட்டியதும் தண்ணீர் தானே மிச்சத்தை அரித்துக்கொண்டது. சளசளவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் இந்த நாட்டில் கேட்டதே இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றேன். ஒரு பெரிய மிராசுதாருக்கு உள்ள திருப்தி.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் வந்தது. நான்காம் மாடி, மூன்றாவது பால்கனி.

"என்னங்க! அங்க எங்க வெட்டுறீங்க? தண்ணி எங்க போவுதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திரும்பினேன். கரைக்குக் கீழே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மழலையர் பள்ளி. பிள்ளைகள் மரச்சட்டம் அடித்து, மண் நிரப்பி, அவரையோ பட்டாணியோ போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர்க் குச்சி நட்டிருந்தார்கள். நான் திறந்துவிட்ட தண்ணீர் நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்தவங்க கொல்லையில வடியவுட்டுட்டு நிக்கிறீங்களே, அடைங்க அத!"

அடைக்கப் பார்த்தேன். கைக்கொத்தால் அள்ளி வைத்த மண் வைத்த வேகத்தில் கரைந்தது. மேலே நிமிர்ந்தேன். பால்கனியில் நாற்காலி மட்டும் இருந்தது.

5

டெல்டாவில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்கள். தன் வயல் தண்ணீரைச் சொல்லாமல் பக்கத்து வயலில் வடியவிடுகிறவனைப் பொறுக்க மாட்டார்கள். மூன்று தலைமுறைக்குப் பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும். அந்த ரத்தம்தான் தையலை லிஃப்டுக்குள் தள்ளியிருக்க வேண்டும். நைட்டி, அதன்மேல் துண்டு, அதற்கும் மேல் என்னுடைய கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு. ஊன்றுகோல் இல்லை. பூங்கா வாசலிலிருந்து அந்த மூலை வரைக்கும் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு நாய் ஒதுங்கி வழிவிட்டது.

"கரைஞ்ச மண்ண வச்சா நிக்குமா? புல்லோட பேத்துக் குடுங்க. வேரு மேல பாத்தாப்பல. இப்படி. இன்னொண்ணு. அட, பெருசா பேருங்க."

நான் பெயர்த்துக் கொடுத்தேன். அவள் புல்கட்டியைக் கவிழ்த்து வைத்துக் குதிகாலால் மிதித்தாள். செருப்பு சேற்றோடு போய்விட்டது. வெறுங்காலால் மிதித்தாள். ஏழோ எட்டோ கட்டி வைத்ததும் நீர் கசிவாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்துப் பாத்தியில் ஓரத்துக் குச்சிகள் இரண்டு சாய்ந்திருந்தன, அவ்வளவுதான் சேதம்.

"சோறு கொண்டாந்தியா, வச்சிட்டுப் போன்னு சொன்ன ஆளுதானே நீங்க" என்றாள் மூச்சு வாங்க.

இது கல்யாணமான புதிதில் நடந்தது. விடுமுறையில் நான் அப்பாவின் வயலை மேற்பார்வை பார்க்கிற பாவனையில் நின்றபோது, சோறு கொண்டுவந்தவள் வரப்பில் தண்ணீர் ஒழுகுகிற ஒரு நண்டு வளையைக் காட்டி, அடைக்கச் சொன்னாள். நாலு ஆட்களுக்கு முன்னால் பெண்டாட்டி யோசனை சொன்னால் என்ன ஆவது? அப்போது நான் சொன்ன வார்த்தை அது. நாற்பத்திரண்டு வருடம் அதை உப்புப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு அம்மாள் ஓடிவந்தார். பெயர் ஜோன். ஓய்வு பெற்றவர், என் வயதுதான். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் குழுவில் மூத்தவர். பதற்றத்தில் நான் முதல் இரண்டு வாக்கியங்களைத் தமிழிலேயே சொல்லியிருக்கிறேன். இத்தனை வருட இங்கிலீஷ் அந்த ஒரு நிமிடம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. பிறகு ஒருவழியாக, தண்ணீர் கட்டி நின்றது, வடித்துவிட்டேன் என்று விளக்கினேன்.

தண்ணீர் கட்டி நிற்பதற்காகத்தான் அந்தப் பள்ளத்தையே வெட்டினார்களாம். தவளைகளுக்காகவும், தெருவில் வெள்ளம் போகாமல் இருப்பதற்காகவும், இரண்டு வருடம் கை வலிக்கத் தோண்டினார்களாம். அந்தப் புல்லும் தண்ணீரில் நிற்கிற புல்தானாம். ஜோன் சத்தம் போடவில்லை. "ஓ டியர்" என்றார். இந்த ஊரில் அது பெரிய வசவு.

பிறகு தையல் அடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். வடக்குக் கரையிலும் ஒரு கசிவு இருக்கிறது, குழுவில் குனியக்கூடிய ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வியாழக்கிழமை இவர் வருவாரா என்று என்னிடம் கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் தையல்.

"வியாழக்கிழமை வேலைக்கு வர முடியுமான்னு கேக்கறாங்க."

"சம்பளம் உண்டா?"

"கெடையாது. டீ குடுப்பாங்க."

"பாலு அதிகமா ஊத்தச் சொல்லுங்க. வர்றேன்."

6

சேற்றில் கால் வைக்க இந்த நாட்டில் பல படிகள் ஏற வேண்டியிருக்கிறது. முதலில் ஒரு விண்ணப்பம். ஒவ்வாமை என்ன, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, முன் அனுபவம் எத்தனை வருடம்.

"பொறந்ததுலேருந்துன்னு போடுங்க" என்றாள். அந்தக் கட்டத்தில் இலக்கம் மட்டும்தான் ஏறும். அறுபத்தெட்டு என்று போட்டேன். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு மண்வெட்டியைப் பாதுகாப்பாகத் தூக்குவது எப்படி என்று ஒரு வீடியோ. ஒருவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். தையல் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை பார்த்துவிட்டு, "எப்பதான் வெட்ட ஆரம்பிப்பான்?" என்றாள். வீடியோ முடிந்திருந்தது.

முதல் வியாழன் அவள் கட்டிய கரையும் கசிந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. "மண்ணு சரியில்ல. நம்ம களிமண்ணுன்னா கல்லாட்டம் நிக்கும்" என்று இங்கிலாந்தின் மேல் பழியைப் போட்டாள். மறுவாரம் மறுபடி கட்டினாள். ஜோனும் அவளும் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜோன் இங்கிலீஷில் சொல்வார், இவள் தமிழில் பதில் சொல்வாள், இருவரும் தலையாட்டுவார்கள். ஒருநாள் இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். அதை மட்டும் புரிந்துகொண்டேன்.

எனக்கு மண்வெட்டி மறுக்கப்பட்டது. மிக மரியாதையாக. "உங்களுக்கு எண்ணுவது பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன்" என்று சொல்லி ஜோன் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, வாத்துகளை எண்ணச் சொல்லிவிட்டார். யார் சொல்லிக் கேள்விப்பட்டார், எந்த மொழியில் கேள்விப்பட்டார் என்று நான் கேட்கவில்லை.

தையல் கரையை அடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை குமரன் கூப்பிட்டபோதே நடந்ததைச் சொன்னேன்.   அவன் தமிழில் கேட்டான்.

"அம்மா சேத்துல எறங்குச்சா?"

"எறங்குனா."

"கோலு இல்லாமயா?"

"கோலு இல்லாம. செருப்பும் இல்லாம."

"ஏம்ப்பா, அத ஒரு போட்டோ எடுக்கத் தோணலியா ஒங்களுக்கு?" என்று சண்டைக்கு வந்தான். பேச்சு நாற்பது நிமிடம் போனது. எல்லாம் தமிழ்ச் சண்டை. சுகமாக இருந்தது. அடுத்த மாதம் அம்மாவுக்கு நான்காம் நம்பர் அளவில் பச்சை நிறத்தில் ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு நேரில் வந்தான். மிஷினைத் திருப்பி எடுத்துப் போகிறேன் என்றான். ஜாக்கெட் எங்கே காயப் போடுவது என்று அவள் விடவில்லை.

7

குளிர்காலத்துக்கு முன்பே கால் மடங்கத் தொடங்கியது. வசந்தத்தில் அதே டாக்டர் மடக்கிப் பார்த்து, புருவம் உயர்த்தி, "பூங்காவில் நடக்கிறாரா?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"நடக்கறேன்னு சொல்லாதீங்க" என்றாள் தையல். "நடக்கறவங்கதான் நாயோட போறாங்களே. வயலுக்குப் போறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். டாக்டர் பூங்கா என்றே எழுதிக்கொண்டார்.

பசுமை உடம்புக்கு நல்லதா என்று என்னைக் கேட்டால், இன்னும் எனக்கு உறுதியாகத் தெரியாது. பால்கனியிலிருந்து ஏழு மாதம் பார்த்த பச்சையும் இதே பச்சைதான். அதில் அவளுக்கு ஒரு சாண் இடத்தில்கூடப் பாத்தியதை இல்லை. இப்போது வடக்குக் கரையில் ஒரு கசிவு அவளுடையது. மழை வந்தால் அவளுக்குக் கவலை வருகிறது. என் அப்பாவைப் போலப் புரள்கிறாள். புரண்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறாள். கலியமூர்த்தியிடம் இதைச் சொன்னேன். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

நேற்று ஒரு வருடம் ஆன நாள் என்று சொன்னேன் அல்லவா? நேற்று வியாழக்கிழமை, நேற்றும் மழைதான். நான் புளிச்சோறு கிளறி, அப்பளம் பொரித்து, ஃபிளாஸ்கில் டீ ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். நானே கிளறியது. உப்பு கொஞ்சம் தூக்கல். தையல் பச்சை பூட்ஸோடு கரையில் நின்றிருந்தாள். ஜோன் சற்றுத் தள்ளி ஒரு குச்சியால் தண்ணீரின் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் கரை விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. எனக்கு மறுபடியும் கை அரித்தது.

"தையலு, தெக்க ஒரு சின்ன வாய் வெட்டி வடிச்சா நல்லதுன்னு எனக்குத் தோணுது. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்கூட இல்ல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரையைக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். வலது கால். இரும்பு வைத்த கால்.

"சோறு கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன்."

"வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு, வாத்து எண்ணப் போனேன்.